குற்றப்பத்திரிகையில் ஆண்டு தவறு: வழக்கு தானாக விழுந்துவிடுமா?

தென் மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து 52 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் ஒரு ஜவுளிக்கடையில் 12 ஆண்டுகள் காசாளராகவும் கணக்கராகவும் இருந்தவர். 2024 ஜனவரியில் வேலையை விட்டு நின்றுவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் கடை உரிமையாளர் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தார். 2022 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை தவணை வாடிக்கையாளர்களிடம் வசூலான பணத்தில் 6,40,000 ரூபாயை வங்கியில் கட்டாமல் கையாடிவிட்டார் என்பது புகார். முதல் தகவல் அறிக்கை பதிவாகி, கைதாகி, பிணையில் வந்து, இப்போது குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிவிட்டது. நகல்கள் கைக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. அடுத்த வாய்தா குற்றச்சாட்டு வனைவதற்காகப் போடப்பட்டிருக்கிறது.

நகலை வரிவரியாகப் படித்த அவர் ஐந்து பிழைகளைக் கண்டுபிடித்திருக்கிறார். சம்பவக் காலம் “01.04.2023 முதல் 31.12.2024 வரை” என்று இருக்கிறது, அதாவது, முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகும் நான்கு மாதம் அவர் கையாடிக்கொண்டிருந்ததாகக் குற்றப்பத்திரிகை சொல்கிறது. தொகை ஓரிடத்தில் 6,40,000 என்றும், தணிக்கையாளரின் பட்டியலில் 4,60,000 என்றும் இருக்கிறது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் காலம் 2024 ஜூலைக்கு முந்தியது என்றாலும், பிரிவுகள் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4), 318(4) என்று போடப்பட்டிருக்கின்றன. தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் தவறு. சாட்சிப் பட்டியலில் ஏழாவதாக இருப்பவரின் வாக்குமூல நகல் கட்டில் இல்லை.

“இத்தனை ஓட்டைகளோடு வழக்கு நிற்காது, வாயைத் திறக்காமல் இருந்து கடைசி வாதத்தில் எடுத்துப் போடு” என்கிறார் அவருடைய மைத்துனர். “உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போட்டு முழு வழக்கையும் ரத்து செய்துவிடலாம், ஒருமுறை ரத்தாகிவிட்டால் மறுபடி அதே வழக்கைப் போட முடியாது” என்கிறார் நண்பர். எது சரி என்று கேட்கிறார் வாசகர்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் பதற்றத்தைவிட நம்பிக்கையே மிகுதியாகத் தெரிகிறது. அந்த நம்பிக்கையில் ஒரு பகுதியை நான் குறைக்க வேண்டியிருக்கிறது; வேறோர் இடத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு பலத்தையும் காட்ட வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

குற்றப்பத்திரிகை வேறு, குற்றச்சாட்டு வேறு

செய்தித்தாள்களில் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படுவதால் படித்தவர்களும் குழம்பிவிடுகிறார்கள். நீங்கள் கையில் வைத்திருப்பது காவல்துறையின் இறுதி அறிக்கை. புலனாய்வு செய்த அதிகாரி தாம் கண்டதாகச் சொல்லும் விவரங்களை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் காகிதம் அது. அதில் எழுதியிருக்கும் பிரிவு எண்கள் அந்த அதிகாரியின் கருத்து மட்டுமே. நீதித்துறை நடுவரை அவை கட்டுப்படுத்தாது. நடுவர் அந்த அறிக்கையையும் இணைப்புகளையும் படித்து, உங்கள் தரப்பையும் கேட்டு, இன்ன குற்றத்துக்காக உங்களை விசாரிக்கப் போகிறேன் என்று நீதிமன்ற மொழியில் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பதுதான் குற்றச்சாட்டு வனைதல். உங்கள் வழக்கில் அது இன்னும் நடக்கவில்லை.

ஆகவே, நீங்கள் கண்டுபிடித்த ஐந்து பிழைகளும் இன்றைய தேதியில் காவல்துறையின் பிழைகள். அவை நீதிமன்றத்தின் குற்றச்சாட்டுக்குள்ளும் புகுந்துவிடுமா என்பது அடுத்த வாய்தாவில்தான் தெரியும். புகுந்துவிட்டாலும் விஷயம் அத்தோடு முடிவதில்லை. தீர்ப்பு சொல்லும் வரை எந்தக் கட்டத்திலும் குற்றச்சாட்டைத் திருத்தவும் புதிதாகச் சேர்க்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 216-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 239. உங்கள் முதல் தகவல் அறிக்கை ஆகஸ்டில் பதிவானதால் உங்கள் வழக்கின் நடைமுறைக்குப் புதிய சட்டமே பொருந்தும். கீழே நான் சொல்லும் நடைமுறைப் பிரிவு எண்கள் அதிலிருந்தே எடுத்தவை.

ஹைதர் பக்‌ஷும் கோதா பக்‌ஷும்

பிழையின் கனத்தை நீதிமன்றம் எப்படி எடை போடுகிறது என்பதற்குச் சட்டமே கதைபோல உதாரணங்களைத் தருகிறது. குற்றச்சாட்டில் இருக்கும் பிழை, அதனால் குற்றம் சாட்டப்பட்டவர் உண்மையிலேயே திசைமாறிப் போய், நீதி தவறியிருந்தால் மட்டுமே பொருட்படுத்தத்தக்கது என்கிறது 238-ஆவது பிரிவு. அதன் கீழே வரும் உதாரணங்களை நாங்கள் சட்டக் கல்லூரியில் படித்தபோது, பழைய சட்டத்தில், ஆண்டு 1882 என்று அச்சாகியிருந்தது.

ஒருவர் மீது, 1882 ஜனவரி 21 அன்று கோதா பக்‌ஷ் என்பவரைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. உண்மையில் கொலையானவர் ஹைதர் பக்‌ஷ், தேதியும் 20. பெயரும் தவறு, தேதியும் தவறு. கொலை வழக்கில் இதைவிடப் பெரிய பிழை இருக்க முடியுமா என்று தோன்றும். ஆனால் அவர் மீது இருந்தது ஒரே ஒரு கொலை வழக்கு. நடுவர் முன் நடந்த விசாரணை முழுவதும் ஹைதர் பக்‌ஷைப் பற்றியே நடந்ததை அவர் காதாலும் கேட்டிருக்கிறார். எந்தக் கொலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவருக்கு ஐயமே இல்லை. எனவே அந்தப் பிழை பொருட்டல்ல.

அடுத்த உதாரணத்தில், ஹைதர் பக்‌ஷை 20-ஆம் தேதியும், அதற்காகத் தன்னைப் பிடிக்க வந்த கோதா பக்‌ஷை 21-ஆம் தேதியும் கொன்றதாக ஒருவர் மீது இரண்டு குற்றச்சாட்டுகள். முதல் கொலைக்கு வனைந்த குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு இரண்டாம் கொலைக்கு விசாரணை நடத்திவிடுகிறார்கள். அவர் அழைத்து வந்த சாட்சிகள் முதல் கொலை பற்றிப் பேச வந்தவர்கள். இங்கே அவர் திசைமாறிவிட்டார் என்பது தெளிவு, பிழை பொருட்டானது.

இரண்டிலும் வருவது அதே பெயர்கள், அதே ஒரு நாள் வித்தியாசம். ஒன்றில் வழக்கு நிற்கிறது, மற்றதில் விழுகிறது. காகிதத்தில் எத்தனை எழுத்து தவறு என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உங்கள் எதிர்வாதம் அந்தத் தவறால் வேறு பக்கம் போய்விட்டதா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

உச்ச நீதிமன்றமும் 1955-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வில், வில்லி ஸ்லேனி வழக்கில், இதைத்தான் சொன்னது. ஜபல்பூரில் ஹாக்கி மட்டையால் அடித்ததில் ஒருவர் இறந்துபோன வழக்கு அது. சகோதரர்கள் இருவர் மீதும் பொதுவான நோக்கத்துடன் சேர்ந்து கொலை செய்ததாகக் குற்றச்சாட்டு, சகோதரர் விடுதலையாகிவிட்டார். மிஞ்சியவர் மீது தனியாகக் கொலைக் குற்றச்சாட்டு வனையப்படவே இல்லை. ஆனாலும், தம் மீது என்ன சாட்டப்படுகிறது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது, அவருக்குப் பாதகம் நேரவில்லை என்று கூறி, அந்தக் குறையைக் காரணமாக்கி விடுதலை செய்ய நீதிமன்றம் மறுத்தது. கொலைக்கான தண்டனை கொலையாகாத மரண விளைவிப்பாகக் குறைந்தது. ஆனால் அதற்குக் காரணம் சாட்சியத்தின் தன்மை. இன்று 510-ஆவது பிரிவும் அதே வழியில்தான் போகிறது. குற்றச்சாட்டே வனையாமல் போனாலும், நீதி தவறியிருந்தால் ஒழிய, தீர்ப்பு அதனால் மட்டும் செல்லாததாகிவிடாது.

மறுபுறமும் உண்டு. 2010-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த அரியானா வழக்கு ஒன்றில், ஒரு வீட்டில் நுழைந்து மாமியாரை மானபங்கம் செய்ய முயன்றதாகக் குற்றச்சாட்டு. சாட்சிகள் பேசியதோ மருமகளைப் பற்றி. தண்டிக்கப்பட்டவர் எதிர்கொள்ளச் சொல்லப்பட்டது ஒரு குற்றம், நிரூபிக்கப்பட்டதாகச் சொன்னது வேறொன்று என்று கண்டு, நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஆக, பிழையால் வழக்கு விழுவதும் நடக்கிறது. உங்கள் ஐந்து பிழைகளில் அப்படிப்பட்டது எது என்பதுதான் கேள்வி.

உங்கள் ஐந்தில் எது கனமானது

தகப்பனார் பெயரையும் கதவு எண்ணையும் மறந்துவிடுங்கள். உங்களை அந்தக் கடையில் 12 ஆண்டுகள் பார்த்தவர்கள்தான் சாட்சிகள். ஆள் மாறாட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை மனுவில் எழுதினால் மற்ற நல்ல காரணங்களின் மதிப்பும் சேர்ந்து குறையும்.

பிரிவு எண்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. ஒரு செயல் நடந்தபோது எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் தண்டிக்க முடியும்; பிற்பாடு வந்த சட்டத்தின் கூடுதல் தண்டனையை முன்தேதியிட்டுச் சுமத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(1) சொல்கிறது. எனவே உங்கள் வழக்குக்கு உரியது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 408, அதாவது பணியாளர் செய்யும் நம்பிக்கை மோசடி. ஆனால் 408-க்கும் புதிய 316(4)-க்கும் தண்டனை ஒன்றே, ஏழாண்டு வரை. நடுவர் எண்ணை மாற்றி எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது. சாதாரண நம்பிக்கை மோசடியாக, 316(2) போட்டிருந்தால் நிலைமை வேறு. பழைய 406-இல் மூன்றாண்டு வரை இருந்த தண்டனை அங்கே ஐந்தாண்டு வரை உயர்ந்திருக்கிறது. அப்போது தவறான எண் நேராக உங்கள் தலையில் வந்து விழும். சட்டம் மாறிய காலத்தில் இப்படி எண் மாறிப்போன குற்றப்பத்திரிகைகளை அடிக்கடி பார்க்கிறேன். தட்டச்சு செய்பவர் புதிய படிவத்தைத் திறந்தவுடன் விரல் புதிய எண்ணுக்கே போகிறது போலும்.

பிரிவுகள் பற்றி நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று, கேட்டதைவிடப் பலமானது. 316(4) நம்பிக்கை மோசடி. 318(4) ஏமாற்றுதல், பழைய 420. நம்பி ஒப்படைத்த பணத்தைப் பிறகு கையாடுவது முதலாவது. பணம் வாங்கும்போதே வஞ்சக எண்ணத்தோடு ஏமாற்றி வாங்குவது இரண்டாவது. ஒரே பணத்தை ஒரே நிகழ்வில் இரண்டு வகையிலும் எடுத்திருக்க முடியாது. 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லி, இரண்டையும் எந்திரம்போலச் சேர்த்துப் போடும் வழக்கத்தைக் கண்டித்தது. உங்கள் புகாரில், வேலையில் சேரும்போதே நீங்கள் ஏமாற்ற நினைத்ததாக ஒரு வரிகூட இல்லை. எனவே 420-இலிருந்து விடுவிக்கக் கேட்பதற்கு நல்ல அடிப்படை இருக்கிறது. எது பொருந்தும் என்று ஐயமிருந்தால் மாற்றுக் குற்றச்சாட்டாக இரண்டையும் வனையலாம் என்று சட்டத்தில் இடமிருப்பதால், அரசு வழக்கறிஞர் அதைக் காட்டி எதிர்க்கக்கூடும். உங்கள் வழக்கறிஞர் அதற்குத் தயாராகப் போகட்டும்.

ஏழாவது சாட்சியின் வாக்குமூலம் இல்லாதது பிழை என்பதைவிட உரிமைக் குறைவு. 230-ஆவது பிரிவின்படி அது உங்களுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். ஒரு மெமோ போட்டால் போதும்.

இனி காலமும் தொகையும். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கையாடல் வழக்கில் ஒவ்வொரு ரசீதையும் தனித்தனியாகக் குற்றச்சாட்டில் எழுதத் தேவையில்லை. மொத்தத் தொகையையும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதையும் சொன்னால் போதும் என்று 235(2) சலுகை தருகிறது. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு வரம்பு உண்டு: முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது. புகாரின் காலமும் 21 மாதம். குற்றப்பத்திரிகையின் தவறான காலமும் 21 மாதம். எப்படிப் பார்த்தாலும் ஒரே குற்றச்சாட்டில் அது அடங்காது. குறைந்தது இரண்டாகப் பிரித்து, எந்த ஆண்டில் எவ்வளவு என்று சொல்லியாக வேண்டும். தொகையே இரண்டு விதமாக இருக்கும்போது அந்தக் கணக்கை அவர்கள் எங்கிருந்து எடுப்பார்கள்? 6,40,000, 4,60,000 என்பது எண் இடம் மாறிய தட்டச்சுப் பிழையாகத் தெரிகிறது. ஆனால் தணிக்கையாளர் உண்மையிலேயே 4,60,000-தான் கண்டாரா என்று பார்க்காமல் அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள்.

காலம் ஏன் முக்கியம் என்பதற்கான காரணம் உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், உடல்நிலையைப் பற்றிப் புலம்பும் இடத்தில், போகிற போக்கில் இருக்கிறது. 2023 ஜூன், ஜூலை மாதங்களில் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தேன், அப்போது முதலாளியின் உறவினர் ஒருவர்தான் கல்லாவில் உட்கார்ந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து பிழைகளை எண் போட்டு எழுதிய நீங்கள் இதற்கு எண்ணே போடவில்லை. அந்த இரண்டு மாதத்தின் வசூல், ரொக்கப் புத்தகத்தில் யார் கையெழுத்தில் இருக்கிறது, வங்கிச் செலானில் யார் கையொப்பம் இருக்கிறது என்பது உங்கள் வழக்கின் நடுநாயகமாக ஆகக்கூடும். 21 மாதத்துக்கும் சேர்த்து ஒரே மொத்தத் தொகையாகக் குற்றச்சாட்டு வந்தால், அந்த இரண்டு மாதத்தில் காணாமல் போன பணமும் உங்கள் கணக்கில் ஏறி, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் போகும். ஆண்டு வாரியாகவும் மாத வாரியாகவும் பிரித்துச் சொல்லும்படி கேட்பது வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள்.

வாயை மூடிக்கொண்டிருப்பதன் விலை

உங்கள் மைத்துனரின் யோசனை நீதிமன்ற வளாகங்களில் வழிவழியாக வருவது; கேட்பதற்குச் சாமர்த்தியமாகவும் இருக்கும். அதில் இரண்டு சிக்கல்.

முதலாவது, பிழையால் நீதி தவறியதா என்று மேல்முறையீட்டில் ஆராயும்போது, இந்த ஆட்சேபத்தை முன்கூட்டியே எழுப்பியிருக்க முடியாதா, எழுப்பியிருக்க வேண்டாமா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும் என 511-ஆவது பிரிவே சொல்கிறது. நகல் கிடைத்த வாரமே பிழையைக் கண்டுபிடித்து, ஆறு பக்கக் கடிதமும் எழுதிய நீங்கள், இரண்டு வருடம் கழித்து “நான் திசைமாறிவிட்டேன்” என்று சொன்னால் யார் ஏற்பார்கள்?

இரண்டாவது சிக்கல் கொஞ்சம் விசித்திரமானது. விசாரணையில் நீங்கள் எவ்வளவு நன்றாகப் போராடுகிறீர்களோ, பிழை என்ற வாதம் அவ்வளவு பலவீனமாகும். 2022 ஏப்ரல் மாதப் பேரேட்டைக் காட்டிச் சாட்சியை மடக்கினால், எந்தக் காலத்தைப் பற்றிய வழக்கு என்பது உங்களுக்குத் தெரியும் என்று நீங்களே நிரூபித்துவிடுகிறீர்கள். பிழை என்ற வாதத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் குறுக்கு விசாரணையை அரைகுறையாகச் செய்ய வேண்டும். அது தற்கொலைக்குச் சமம்.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஓர் அடிதடி வழக்கில், குற்றச்சாட்டில் இருந்த தேதியில் என் கட்சிக்காரர் வெளியூர் மருத்துவமனையில் இருந்தார் என்பதற்கு ரசீதோடு ஆதாரம் இருந்தது. அதைக் கடைசி வரை மடியில் கட்டி வைத்திருந்தோம். அப்போது நானும் இளையவன். இறுதி வாதத்தில் எடுத்து வைத்ததும் அரசுத் தரப்பு அசரவில்லை. சம்பவம் முந்தின நாள் என்று முதல் தகவல் அறிக்கையிலேயே இருக்கிறது என்று காட்டித் திருத்தம் கேட்டது, நீதிமன்றம் திருத்தியது. 240-இல் இப்போது இருப்பதுபோலச் சாட்சிகளை மீண்டும் அழைத்து விசாரிக்கும் உரிமை எங்களுக்குக் கிடைத்தது உண்மைதான். ஆனால் எங்கள் கையில் இருந்த ரசீதைச் சாட்சிகள் எல்லோரும் அதற்குள் பார்த்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்கத் தயங்கிய கேள்வியையும் நானே கேட்டுக்கொள்கிறேன். இப்போது சுட்டிக்காட்டினால் அவர்கள் திருத்திக்கொள்ள மாட்டார்களா? திருத்திக்கொள்வார்கள். நீதிமன்றத்தின் அனுமதியோடு மேல் புலனாய்வு செய்து கூடுதல் அறிக்கையும் தரக்கூடும். அந்த இழப்பு உண்மையானதே. ஆனால் தீர்ப்புக்கு முந்தின நாள்கூடத் திருத்த முடிகிற பிழையைச் சொத்தாக நினைக்க முடியாது. அதைக் கொடுத்து நீங்கள் வாங்குவது, எந்த மாதம், எந்தப் புத்தகம், எவ்வளவு தொகை என்று அசையாமல் நிற்கிற ஒரு குற்றச்சாட்டு.

இதில் ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வையுங்கள். குற்றச்சாட்டின் வடிவத்தில் இருக்கும் குறைகளை, அதாவது காலம், தொகைப் பிரிவு, சட்டப் பிரிவு ஆகியவற்றை, இப்போதே சொல்லுங்கள். ஆதாரத்தில் இருக்கும் ஓட்டைகளை, அதாவது விடுப்பு, செலான் கையொப்பம், தணிக்கையாளர் பட்டியலின் முரண் ஆகியவற்றை, குறுக்கு விசாரணைக்கு வைத்திருங்கள். உங்கள் எதிர்வாதத்தை முன்கூட்டியே அரசுத் தரப்புக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. விடுவிப்பு மனுக் கட்டத்தில், அதாவது விசாரணை தொடங்கும் முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் கட்டத்தில், பொதுவாக உங்கள் தரப்பு ஆவணங்களை நீதிமன்றம் பார்க்காது என்று 2004-இல் ஒடிசா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், மருத்துவமனைக் காகிதங்களை இப்போது வெளியே எடுப்பதால் பயனும் இல்லை.

மதுரைக் கிளையும் “மறுபடி போட முடியாது” என்ற நம்பிக்கையும்

உயர் நீதிமன்றத்துக்கு 528-ஆவது பிரிவின்படி வழக்கை ரத்து செய்யும் அதிகாரம் உண்டு. புகாரில் சொன்னதையெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் குற்றமே ஆகவில்லை என்றாலோ, வழக்கு தொடரவே சட்டத்தில் தடை இருந்தாலோதான் அந்தக் கதவு எளிதாகத் திறக்கும். அரசு ஊழியர் மீது தேவையான முன் அனுமதி இல்லாமல் போட்ட வழக்கு, காலவரம்பு கடந்த வழக்கு போன்றவை அந்த வகை. தேதி மாறியது, எண் மாறியது என்பதை “விசாரணை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லித் திருப்பிவிடவே வாய்ப்பு அதிகம். செலவும் அலைச்சலும் ஒரு பக்கம். முகாந்திரம் இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் ஒரு வரி எழுதிவிட்டால், கீழே விடுவிப்பு மனு போடும்போது அந்த வரி உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும். 420-ஐ நீக்குவதற்கு மட்டும் அங்கே போகலாமா என்றால் போகலாம். ஆனால் அதையே நடுவரிடம் முதலில் கேட்டு, மறுத்தால் சீராய்வுக்குப் போவது இன்னும் சிக்கனமான வழி.

ஒரு குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது என்ற விதி, விசாரணை நடந்து தண்டனையோ விடுதலையோ பெற்றவருக்குத்தான். வழக்கிலிருந்து விடுவிக்கப்படுவது விடுதலை ஆகாது என்று 337-ஆவது பிரிவின் விளக்கமே சொல்கிறது. குறைபாட்டுக்காகக் குற்றப்பத்திரிகை தள்ளுபடியானால், குறையைச் சரிசெய்து மறுபடி வருவதற்குத் தடையில்லை. மேல்முறையீட்டில் பிழை பொருட்டானது என்று கண்டாலும், பெரும்பாலும் கிடைப்பது புதிய குற்றச்சாட்டோடு மறு விசாரணைதான். எந்தக் குற்றச்சாட்டும் வனைய முடியாத அளவுக்கு விவரங்கள் இருந்தால்தான் முழு ரத்து. இன்னும் ஐந்து வருடம் கழித்து, 57 வயதில், அதே வழக்கை முதலிலிருந்து ஆரம்பிப்பது உங்களுக்கு வெற்றியாகத் தோன்றுமா என்று யோசித்துப் பாருங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், உரிமையாளர் சமரசத்துக்குத் தூது விட்டதாகவும் அதை அவமானமாக நினைத்து மறுத்ததாகவும் சொல்கிறீர்கள். 408 நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றம் என்பதைத் தெரிவித்து மட்டும் வைக்கிறேன். பணத்தை எடுக்கவில்லை என்பவர் சமரசத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த வாய்தாவுக்குள்

புதிய சட்டத்தில் விடுவிப்பு மனுவுக்கு நகல் கிடைத்த நாளிலிருந்து 60 நாள் என்று 262-இல் வரம்பு வைத்திருக்கிறார்கள். பழைய சட்டத்தில் இது இல்லை. அதனால் பழைய பழக்கத்தில் இதைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து வாரம் போய்விட்டது என்றால் உங்களிடம் மூன்றரை வாரம்தான் இருக்கிறது. நகல் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்ட தேதியை நீதிமன்றக் குறிப்பில் பார்த்து உறுதி செய்யுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

முதலில் ஏழாவது சாட்சியின் வாக்குமூலத்துக்கு மெமோ போடுங்கள். பிறகு, 420-இலிருந்து விடுவிக்கவும், குற்றச்சாட்டு வனைவதானால் பழைய தண்டனைச் சட்டப் பிரிவின் கீழ், ஓராண்டுக்கு மிகாத காலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தொகையைக் குறிப்பிட்டு வனையவும் கேட்டு ஒரே மனுவாகப் போடச் சொல்லுங்கள். மனு தள்ளுபடியானாலும் அது வழக்குக் கட்டில் இருக்கும். நாளை மேல்முறையீட்டில் “முன்பே சொன்னாயா” என்ற கேள்விக்கு அந்தத் தாளே பதில். குற்றச்சாட்டுக்குப் பிறகு திருத்தம் கோரி மனுப் போடுவது உங்கள் உரிமை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். திருத்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே சொல்ல வேண்டியதை வனைவதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மருத்துவமனையின் விடுவிப்புச் சீட்டு, விடுப்புக் கடிதம், அந்த மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் அசலைப் பத்திரமான இடத்தில் வையுங்கள். கடையில் வேலை செய்யும் பழைய நண்பர்களிடம் அதைப் பற்றிப் பேசாதீர்கள். அவர்களில் இருவர் அரசுத் தரப்புச் சாட்சிகள் என்று உங்கள் பட்டியலே சொல்கிறது. சாட்சியைக் கலைத்தார் என்ற ஒரு மனு போதும், பிணை ஆட்டம் காணும்.

குற்றச்சாட்டு வனையும் நாளில் நீதிமன்ற ஊழியர் வேகமாகப் படிப்பார். கூண்டில் நிற்பவருக்குப் பாதி காதில் விழாது. விழுந்ததும் புரியாமல் தலையாட்டிவிட்டு, “குற்றவாளி அல்ல” என்று சொல்லி இறங்கிவிடுவார்கள். நீங்கள் கணக்கர், எண்களைக் காதால் பிடிக்கப் பழகியவர். எந்த ஆண்டு, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எவ்வளவு ரூபாய் என்று படிக்கிறார்கள் என்பதைக் கவனித்துக் கேளுங்கள். காதில் விழவில்லை என்றால், ஐயா, இன்னொரு முறை படிக்கச் சொல்லுங்கள் என்று நடுவரிடம் கேட்கலாம். படித்து விளக்குவது அவர்கள் கடமை. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அன்று மாலையே நகலுக்கு மனுப் போட்டு, கேட்ட எண்களும் எழுதிய எண்களும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.